கில்ட்டுக்கு அளவெடுக்க ஓர் ஆள்

"உங்களை நீங்களே அளக்க வேண்டாம். இன்னொருவரைக் கொண்டு அளவெடுங்கள்." ஸ்கொட்லாந்தில் கில்ட் தைக்கும் பட்டறை அனுப்பிய குறிப்பில் முதல் வரியே இதுதான். சுவிட்சர்லாந்தின் வில் நகரத்தில், நான் தனியாகக் குடியிருக்கும் வீட்டில், சோபாவில் இருந்து இதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னொருவராம். ஏதோ கடையில் கிடைக்கிற சாமான் மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

கில்ட் என்பது ஸ்கொட்லாந்து ஆண்கள் விசேஷங்களுக்கு உடுத்துகிற, முழங்கால் மட்டும் வரும், கட்டம் போட்ட கம்பளி உடுப்பு. என் மகள் கூர் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அங்கே ஹோட்டல் ஒன்றில் சமைக்கும் ஸ்கொட்லாந்துப் பெடியன் ஒருவனைக் கட்டப் போகிறாள். நல்ல பெடியன், என் வீட்டுக்கு வந்தால் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். காலையில் பேர்ண் நகரத்துக் கோயிலில் தாலிகட்டு, பின்னேரம் மண்டபத்தில் விருந்து. கோயிலுக்குத் தாங்கள் எல்லோரும் வேட்டியோடு வருவதாகவும், பின்னேரம் நான் கில்ட் உடுத்தால் தனக்குப் பெரிய சந்தோஷம் என்றும் பெடியனின் தகப்பன் வீடியோவில் கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன்.

தலையாட்டியதற்கு வேறு காரணமும் உண்டு. காலையில் கோயிலில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிறவர்கள் சோடியாக இருக்க வேண்டும். மனைவி செத்துப்போனவன் மணவறையில் ஏறி இருப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. பேர்ணில் இருக்கும் என் அக்காவும் அத்தானும்தான் தாரை வார்க்கப் போகிறார்கள். அக்கா பக்குவமாகத்தான் சொன்னாள்.

"நீ முன் வரிசையில இரு, தம்பி. எல்லாம் வடிவாத் தெரியும்."

"ஓம் அக்கா, அதுதானே முறை" என்றேன். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினேன். வளர்த்தது நான், கொடுக்கிறது அத்தான். அத்தான் தங்கமான மனுசன், அவரில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

மகளுக்கு இது விளங்கியிருக்க வேண்டும். பின்னேரம் மண்டப வாசலிலிருந்து மேடை வரைக்கும் தன்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவது நான்தான் என்று அவளாகவே சொன்னாள். முழுக் கலியாணத்திலும் எனக்கென்று இருந்தது அந்தத் தூரம்தான். அதை நடப்பதற்குத்தான் கில்ட்.

நான் பெரிய ஆள். கதிரையில் இருக்கும் முன் கதிரையை ஒருதரம் பார்த்துக்கொள்கிற ஆள். இங்கே உடுப்புக் கடைகளில் எங்களைப் போன்றவர்களுக்கு, பிஜாமாக்களுக்குப் பக்கத்தில், ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்கள். அங்கே இடுப்புக்கு அளவாகக் காற்சட்டை எடுத்தால் கால் இரண்டும் தரையைக் கூட்டும். வயிறு பெருத்தவன் கட்டாயம் நெட்டையனாகவும் இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். மனைவி இருந்த காலத்தில் அவள் வெட்டித் தைத்துத் தருவாள். இப்போது மடித்துவிட்டுக்கொண்டு திரிகிறேன். வேட்டிக்கு இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. எட்டு முழம் வாங்கினால், ஈர்க்குச்சி போன்ற சம்பந்தியையும் அது சுற்றும், என்னையும் சுற்றும். கில்ட் அப்படியில்லை. ஆளை அளந்து, அந்த ஆளுக்கென்றே தைக்க வேண்டும்.

அளக்க யாரைக் கேட்பது? தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் நிற்கும் சுவிஸ்காரரோடு வருஷக்கணக்காக வேலை செய்கிறேன். மழை, பனி, கால்பந்து எல்லாம் கதைப்போம். அவர் கையில் அளவு நாடாவைக் கொடுத்து, என்னைச் சுற்றிப் பிடி என்று எந்த வாயால் கேட்பேன்? மேல்வீட்டு அம்மாவை எனக்குச் சலவை அறைச் சாவி கைமாறும்போது மட்டும்தான் தெரியும். ஒரு 'குறுயெட்சி' வணக்கம், அதற்குமேல் ஒன்றுமில்லை. தமிழ்க் கடைக்கார அண்ணை கேட்ட உடனே அளப்பார், ஆனால் அவர் நாடாவைச் சுருட்டி வைக்க முன்னமே என் வயிற்றின் அளவு பேர்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்டேஷனடியில் உடுப்புத் திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. அதன் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே ஒரு சின்னப் பெண் நின்றாள். அவள் தலை நிமிர்ந்தாள், முதலில் என் வயிற்றைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸுக்குப் பிந்தியவன் போல மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியில் நானே அளந்தேன். நாடாவின் ஒரு நுனியைச் சுவரோடு முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற நுனியைச் சுற்றி இழுத்தேன். நழுவி விழுந்தது, திரும்பவும் அழுத்தினேன். இடுப்பைத் தொப்புள் மட்டத்தில் அளக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இடுப்பு என்றால் வேட்டி கட்டுகிற இடம், வயிற்றுக்குக் கீழே. தொப்புளில் யாராவது வேட்டி கட்டுவார்களா? இது மெலிந்தவர்களுக்கு எழுதிய குறிப்பு என்று முடிவுசெய்து கீழேயே அளந்தேன், மூச்சையும் நல்லாக உள்ளே இழுத்துக்கொண்டு. நீளத்தை மட்டும் சொன்னபடி தொப்புளிலிருந்து எடுத்தேன். இப்போது நினைத்தால் பேய்த்தனம்தான்.

கில்ட் வந்தது. பச்சையும் நீலமும் கலந்த, கனத்த, அருமையான துணி. தொப்புளில் சுற்றினால் இரண்டு பக்கமும் சந்திக்கவே இல்லை. வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் பட்டி பூட்டியது, ஆனால் கீழ்க்கரை முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்காலுக்கு வந்தது. மடிப்புகள் முன்னுக்கு வந்தால்தான் வடிவு என்று அவற்றை முன்னுக்கு விட்டிருந்தேன். பின்னுக்கு வரவேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?

எப்படியும் பழகிப் பார்ப்போம் என்று, வலது கையை மடித்து, மகள் அதில் பிடித்திருப்பதாக எண்ணிக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து பல்கனிக் கதவுக்கு நடந்தேன். மெதுவாக, மண்டபத்தில் நடப்பது போலவே. கதவை எட்டும்போது பட்டி கழன்று கில்ட் காலடியில் விழுந்தது. மடித்த கையை நான் உடனே இறக்கவில்லை. வெறும் அறையில், அரை நிர்வாணமாக, பக்கத்தில் யாரும் இல்லாமல், கையை மடித்துக்கொண்டு நின்றேன். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், மகளின் பக்கத்தில், இது விழுந்தால் என்று யோசித்தேன். அவளைச் சிரிப்புக்கு ஆளாக்க எனக்கு மனமில்லை. அவளுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, பின்னேரமும் மாமாவே உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டும். நான் முன்னுக்கு இருந்து பாக்கிறன்."

"ஏன்?"

"கில்ட் அளவில்லை."

"ஆர் அளந்தது?"

"நான்தான்."

"தனியவோ?"

"ஓம்."

"ஒருத்தரையும் கேக்கேல்லையோ, அப்பா?"

"ஆரைக் கேக்கிறது?"

நான் அதைப் பாரமாகச் சொல்லவில்லை. உப்பு முடிந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னேன். அவள் உடனே, பட்டறைக்காரரோடு தான் கதைப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் ரெயில் ஏறி வந்தாள். சப்பாத்தைக் கழற்றியதும் முதல் வேலையாகக் கைப்பையிலிருந்து நாடாவை எடுத்தாள். சரியான அளவு அனுப்பினால் பிரித்து அகட்டித் தருவார்களாம், துணி மிச்சம் இருக்கிறதாம்.

"மாமா தாரை வார்க்கட்டும், அது முறை. மண்டபத்துக்குள்ள நீங்கள் கூட்டிக்கொண்டு வராட்டி நான் வாசலிலயே நிப்பன். கையைத் தூக்குங்கோ."

தூக்கினேன். எங்கள் வீடுகளில் தகப்பனும் வளர்ந்த மகளும் கட்டிப்பிடிக்கிற வழக்கம் இல்லை. பிறந்தநாளுக்கும் தலையைத் தடவுவதோடு சரி. ஆனால் என்னைச் சுற்றி நாடாவைக் கொண்டுபோக அவளுடைய கைகள் எட்டவில்லை. எட்டுவதற்காக இன்னும் கிட்ட வந்தாள். அவளுடைய கன்னம் என் சட்டையில் பட்டது. முதுகுக்குப் பின்னால் அவளுடைய ஒரு கை மற்றக் கையைத் தேடியது. மனைவி போன பிறகு ஒருவரும் என்னை இவ்வளவு கிட்டத் தொட்டதில்லை. நாடா தொப்புள் மட்டத்தில் வந்து நின்றது.

"மூச்சை விடுங்கோ, அப்பா."

"விட்டிட்டன்."

"இல்லை, பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். முழுக்க விடுங்கோ."

விட்டேன். மூச்சோடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், வயிறு கேட்கவில்லை. அது குலுங்கக் குலுங்க நாடா ஏறி இறங்கியது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

"வயிறு ஆடினா அளவு பிழைக்கும்" என்றாள், என் சட்டைக்குள்ளிருந்தே. "அழுது முடியுங்கோ. எனக்கு ரெயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு."