அத்தையின் பொட்டலத்துச் சீட்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுதினால் வரி மேலேயும் கீழேயும் போகும். சொன்னதையே திரும்பச் சொல்வேன், சொல்ல வேண்டியதை மறந்துவிடுவேன். கோயில் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் வந்து கேட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்களே என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் பொட்டலங்களில் அந்தக் காலத்தில் கட்டிய நூலெழுத்துச் சீட்டைப் பற்றிக் கேட்டார்கள். அதைச் சொல்லப் போனால் எங்கள் அத்தையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

மலையடிவாரத்து மார்கழிப் பனி உங்களுக்குத் தெரியும். அப்போது நம் கோயிலுக்குச் சாமியார் பண்டிகையன்று காலையில்தான் வந்து சேருவார். முதல்நாள் சாயங்காலமே கோயில் வாசலில் ஒரு பெரிய சவுக்குக் கிளையை நட்டு, மலைமேல் வீடுகளுக்கும் இதே கோயில்தான் என்பதால் அவர்களுக்கும் சேர்த்து வீட்டுக்கு ஒரு கயிறு தொங்கவிடுவோம். சாமியார் இல்லாத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார், சீட்டைப் பார்த்து அந்தந்த வீட்டுப் பொட்டலங்களை அதில் கட்டிவிடுவார். பூசை முடிந்ததும் அவரே ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒரு வருஷம் சீட்டுகளை மையால் எழுதிக் கட்டினார்கள். விடிந்து பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். கைக்குழந்தைக்கு வாங்கிய குல்லா ஊர்ப் பெரியவர் ஒருவருக்குப் போய்விட்டது. அவரும் சும்மா இல்லாமல் அதைத் தலையில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எழுத்தை நூலால் தைக்கிற பழக்கம் வந்தது.

வீட்டுக்கு ஒரு எழுத்து. வீட்டுத் தலைவர் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாகத் தைத்து, பக்கத்தில் பொட்டலத்துக்குரியவரின் எழுத்தைச் சின்னதாகத் தைக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதி ஆண்களுக்கு அந்தோணியார் பெயர்தான் என்பதால் ‘அ’ வீடுகள் வரிசையாக இருந்தன. ஆகவே ஒரு ‘அ’வைச் சுற்றி மல்லிகைக் கொடி, இன்னொன்றின் தலையில் கிளி, வேறொன்றுக்கு நெற்கதிர் என்று அலங்காரம் போட்டுப் பிரித்தோம். எங்கள் வீட்டு எழுத்து ‘சூ’. அதற்கு நான் மாம்பிஞ்சு போடுவேன்.

பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் எனக்குக் கை நன்றாக வந்ததால் எங்கள் வீட்டுச் சீட்டெல்லாம் என் பொறுப்பு. ஒடுகத்தூர்க் கடையிலிருந்து அப்பா வாங்கிவரும் சோப்பு டப்பா அட்டையை வெட்டி, பென்சிலால் எழுத்தை வரைந்து, மடித்த சாக்கின் மேல் வைத்து ஊசியால் முதலில் ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டைகள் நெருங்கினால் எழுத்து அப்படியே பிய்ந்து கையோடு வந்துவிடும். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்து நீவிவிடலாம். அட்டையில் போட்ட ஓட்டை போட்டதுதான்.

அந்த வருஷம் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அப்பாவின் தங்கை. வைகாசியில் கல்யாணமாகி, ஆடிக்கு எல்லாப் பெண்களையும் போலப் பிறந்த வீட்டுக்கு வந்தவள், மார்கழி வந்தும் போகவில்லை. காரணம் ஒரு வாழையிலை. ஆடி விருந்துக்கு மாமா மலைமேலிருந்து இறங்கி வந்தார். அன்றைக்கு உபதேசியாரும் வந்திருந்தார். அப்பா பக்தியில் உபதேசியாருக்கு முதல் இலையைப் போட்டுவிட்டார். புது மாப்பிள்ளை எழுந்து, கையை நனைக்காமலே மலையேறிப் போய்விட்டார். பெண்ணை அவர்களே கொண்டுவந்து விடட்டும் என்று மாமா சொல்லியனுப்பினார். அவரே வந்து கூப்பிடட்டும் என்று அப்பா சொல்லியனுப்பினார். சொல்லியனுப்ப இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. போக ஆள் இல்லை. அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சோறு வடித்துக்கொண்டு, ஆடு மேய்த்துக்கொண்டு, நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்தாள்.

சீட்டுத் தைக்கும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. அத்தை பொட்டலத்துக்கு எந்த வீட்டு எழுத்து?

“நம்ம எழுத்தே போடு. இங்கதான துன்றா, இங்கதான தூங்கறா,” என்றார் அப்பா.

அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே, “அதான் ஊருக்கே தெரியுதே, தச்சி வேற காட்டணுமா?” என்றாள்.

அப்பா கொல்லைப் பக்கம் போய்விட்டார். எந்த எழுத்தோ அந்தக் கயிற்றில்தான் பொட்டலம் தொங்கும், தொங்குவதை ஊர் முழுக்கப் பார்க்கும். ‘சூ’ கயிற்றில் தொங்கினால் அவள் வாழாமல் வந்துவிட்டவள் என்று ஆகிவிடும். இது இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு எழுத்து அழகாக வர வேண்டும், அவ்வளவுதான். அத்தையிடமே போய்க் கேட்டேன். அவள் கட்டின புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், அந்தப் பெயரின் முதலெழுத்தைக்கூடச் சொல்ல மாட்டாள். “உனக்கு எது நல்லா வருதோ அத்த போடுடீ,” என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊத ஆரம்பித்தாள். எனக்கு ‘சூ’தான் நன்றாக வரும். பச்சை நூலில் மாம்பிஞ்சோடு தைத்து, பொட்டலத்தில் கட்டி வைத்தேன்.

பண்டிகைக் காலை பூசை முடிந்தது. உபதேசியார் எங்கள் கயிற்றை அவிழ்த்தார். அப்பா, அம்மா, நான், தம்பி. அத்தனை பொட்டலமும் வந்தது, அத்தையினுடையதைத் தவிர. அப்பாவுக்கு முகம் கறுத்தது. பொட்டலத்தை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து எழுந்திருக்கப் போனார். அதற்குள் உபதேசியார் கடைசிக் கயிற்றுக்குப் போய், “மி வூட்டு, ரோ” என்று கூப்பிட்டார். மி என்றால் மாமா. ரோ என்றால் அத்தை.

பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டவர் வராவிட்டால் வீட்டுத் தலைவர் கையில் கொடுப்பது வழக்கம். உபதேசியார் அதை மாமாவிடம் நீட்டினார். மாமா சீட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“இத்த யாரு தச்சது?” என்று கேட்டார்.

ஊரே என்னைத்தான் பார்த்தது. நான் எட்டிப் பார்த்தேன். ‘ரோ’ என் கைவேலை. அதன் பக்கத்தில் என் ‘சூ’வைக் காணோம். அந்த இடத்தில் சிவப்பு நூலில், நோஞ்சானாக, கால் கோணலாக ஒரு ‘மி’. அலங்காரமும் இல்லை, ஒன்றும் இல்லை. இவ்வளவு மோசமாக நான் தைத்தேன் என்று ஊர் நினைத்தால் என் மானம் என்ன ஆவது? வாய் திறக்காத எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது.

“நான் இல்ல மாமா. நான் சூ தான் தச்சேன். யாரோ பிரிச்சிட்டு இத்த தச்சிக்கீறாங்க. ஓட்டய பாருங்க, என் ஓட்டை எல்லாம் நேரா இருக்கும்.”

மாமா சீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நூல் இல்லாத என் ‘சூ’ மாம்பிஞ்சோடு பொட்டுப் பொட்டாகத் தெரிந்திருக்கும், அதன் மேலேயே அந்தக் கோணல் ‘மி’யும். அத்தை முக்காட்டை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மாமா சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றார்.

“மச்சான், மத்தியானம் வூட்ல இன்னா கொழம்பு?”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, “வந்து பாருங்க மாப்ள,” என்றார்.

உபதேசியார் அவிழ்த்த கயிற்றைச் சுற்றிக்கொண்டே, “எனக்கு கடைசில போட்டா போதும்பா,” என்றார். அப்புறம் ஊரே சிரித்தது.

எல்லோரும் சிரிக்க, அத்தை மட்டும் அழுதாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் அவள் மாமாவோடு மலையேறிப் போனாள். என் சீட்டைக் கெடுத்தவரை ஒருவரும் கண்டிக்கவில்லையே என்பதுதான் என் குறை. பல நாள் துப்புத் துலக்கினேன். அம்மாவின் தையல் நெருக்கமானது, ஆகவே அவள் இல்லை. உபதேசியார் மேல் சந்தேகம் இருந்தது. அம்மாவை நச்சரித்தபோது, எலி பிரித்திருக்கும் என்றாள். எலிக்கு எழுதத் தெரியுமா என்று சண்டை போட்டேன். அத்தையை நான் நினைக்கவே இல்லை. அவள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். ஓர் எழுத்தும் தெரியாது.

எனக்குக் கல்யாணமாகிப் போன வீட்டில், முதல் வாரமோ என்னவோ, கிணற்றடியில் புளி போட்டுப் பித்தளைக் குடம் துலக்கிக்கொண்டிருந்தேன். கழுத்துப் பக்கத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பாத்திரக்கடைக்காரர் உளியால் புள்ளி புள்ளியாக அடித்த, என் வீட்டுக்காரர் பெயரின் எழுத்து. கை அப்படியே நின்றுவிட்டது. அத்தை ஆடிக்கு வரும்போது புருஷன் வீட்டுப் பலகாரம் எடுத்துவந்த பித்தளைத் தூக்கு ஒன்று உண்டு. அதில் யாரும் எதுவும் வைப்பதில்லை. ஆனாலும் அவள் தினமும் அதைத் துலக்குவாள். வைக்காத பாத்திரத்தை எதற்குத் துலக்குகிறாய் என்று அம்மாகூடக் கேட்டிருக்கிறாள்.

எனக்கு இதெல்லாம் சரியாக நினைவிருக்கிறதா தெரியவில்லை. கிளை சவுக்குதானா, அன்றைக்கு மாமாவோடு அவருடைய அம்மாவும் வந்திருந்தாரா, நூல் சிவப்பா ஆரஞ்சா, இதெல்லாம் பெரியவர்கள் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். அத்தையும் மாமாவும் இப்போது இல்லை. அவர்கள் பிள்ளைகள் மலைமேல் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்தத் தூக்கு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கண்ணால் பார்க்க வேண்டாம், விரலால் தடவிப் பார்த்து, அதிலும் ‘மி’க்குக் கால் கோணல்தானா என்று எனக்குச் சொல்லுங்கள்.