அப்பாவைக் கூப்பிடும் சுவிட்ச்

பள்ளி முடிந்து கல்லூரி திறப்பதற்கு முன் கிடைத்த விடுமுறையில் எனக்கு வீட்டில் ஒரு புதுப் பெயர் வந்தது: சர்வீஸ் சென்டர். யார் எதை வாங்கினாலும் பெட்டியோடு என் மடியில் கொண்டுவந்து போட்டார்கள். சித்தியின் புதுக் கைக்கடிகாரம் அவளை அடிக்கடி எழுந்து நிற்கச் சொன்னது. "நாள் பூரா கடையில நின்னுட்டு இப்பத்தாண்டி உக்காந்தேன். எந்திரிங்குது! இதுக்கு என் மாமியாரே தேவலை," என்றாள். அந்த நினைவூட்டலை நிறுத்திக் கொடுத்தேன். தம்பியின் இயர்போனில் ஒரு பக்கம் மட்டும் பாடியது. துடைத்துக் கொடுத்தேன். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. அமைப்புகளுக்குள் போய், யாரும் தொடாத ஒரு பொத்தானை மாற்றி, ஒரு பொருளை இன்னாருக்கு என்று ஆக்கிக் கொடுப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

அப்பா மட்டும் எந்தப் பொருளையும் பார்க்க மாட்டார். பெட்டியைத்தான் எடுப்பார். மூலையை அழுத்திப் பார்ப்பார், மூடியைத் திறந்து மூடுவார். "நல்ல அட்டை," என்பார், இல்லாவிட்டால் "ஏமாத்துறான்," என்பார். அவருக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அட்டை வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறார். அந்தச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஒரே நாளில் போயிருந்தால் எல்லோரும் பதறியிருப்போம். மெல்லப் போனதால் நாங்களும் மெல்லப் பழகிக்கொண்டோம்.

பழகிக்கொண்டது இப்படி: அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் இருக்கும் அறையின் விளக்கை அணைத்துப் போடுவோம். சட்டென்று இரண்டு தரம் அணைந்தால் அம்மா கூப்பிடுகிறாள், சாப்பாடு தயார். ஒரே தரம், கொஞ்சம் நீளமாக அணைந்தால் நான். விளக்கு கல்யாண மண்டபம் மாதிரி மின்னினால் தம்பி. அப்பா ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "வீட்டைக் கொளுத்திராதீங்க, வர்றேன்!" அந்த வீட்டில் எங்கள் குரல்களும் பெரியவை. அப்பாவிடம் கத்திக் கத்தி, ஒருவரோடொருவரும் கத்தித்தான் பேசினோம். கீழ்வீட்டுக்காரர்களுக்கு எங்கள் குடும்ப விஷயம் முழுக்கத் தெரியும்.

ஆனால் போனில் விளக்கை அணைக்க முடியாதே. யார் அழைத்தாலும், என்ன கேட்டாலும், அப்பா "நல்லா இருக்கேன், அம்மாகிட்ட குடுக்குறேன்," என்று சொல்லிப் போனை நீட்டிவிடுவார். நான் படிக்கப் போவது வேறு ஊர், விடுதி. போனால் அப்பாவிடமிருந்து எனக்குக் கிடைக்கப்போவது அந்த ஒரு வரிதான். அதனால்தான் காது மெஷின் வாங்கலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சின்னக் கருவிகள் இரண்டு. கடையில் காதைச் சோதித்த அக்கா, "வீட்டுல வச்சுப் பாருங்க சார். பிடிக்கலைன்னா மாசக் கடைசிக்குள்ள திருப்பித் தரலாம். பெட்டி மட்டும் கசங்காம இருக்கணும்," என்றார். அப்பா பெட்டியின் மூலையை அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்த அட்டை கசங்காதும்மா," என்றார். கருவியை இயக்கும் செயலியை அப்பாவின் போனிலும் என் போனிலும் ஏற்றினேன். அழைப்பு வந்தால் குரல் நேராக அவர் காதுக்குள் போய்விடும். எனக்கு வேண்டியது அதுதான்.

முதல் நாள் அப்பா சிறு குழந்தை மாதிரி இருந்தார். சட்டைக் காலரைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டார். "அது யாரு உறுமுறது?" என்றார். குளிர்சாதனப் பெட்டி. அறைக்குள் வந்து விளக்கைப் போட்டவர், மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார். "இதுக்கு சத்தம் இருக்கா!" என்றார். இத்தனை வருஷமாக எங்களுக்காக அவரைக் கூப்பிட்ட சுவிட்ச் 'டக்' என்று பேசும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. அப்பா சுருங்கினார். வேலை முடிந்து வந்ததும் ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு சாயங்காலம் கருவிகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, "திருப்பிக் குடுத்துடலாம்மா," என்றார்.

"ஏம்ப்பா? கேக்கலையா?"

"கேக்குது. எல்லாம் நல்லாத்தான் கேக்குது."

"அப்புறம்?"

அவர் கையை விரித்தார். அவருக்கே தெரியவில்லை.

நான் அதை மென்பொருளின் குறை என்றுதான் எடுத்துக்கொண்டேன். கூட்டத்துக்கு ஓர் அமைப்பு, பாட்டுக்கு ஓர் அமைப்பு, காற்றடிக்கும் தெருவுக்கு ஓர் அமைப்பு என்று செயலியில் ஏழெட்டு இருந்தன. ஒவ்வொன்றாக மாற்றி, "இப்ப? இப்ப?" என்று அவரைப் படுத்தி எடுத்தேன். தம்பிதான் போகிற போக்கில் சொன்னான்: "வீடே லைப்ரரி மாதிரி இருக்கு. எனக்கே தூக்கம் வருது." அவனைப் போடா என்று விரட்டினேன். அவன் சொன்னதை நின்று யோசித்திருக்கலாம்.

ஏனென்றால் அது உண்மை. கருவி வந்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் மரியாதையாகப் பேச ஆரம்பித்திருந்தோம். அப்பாவின் காது நோகுமோ என்று பயந்து அம்மா, "டீ குடிக்கிறீங்களா?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோல் கேட்டாள். யாரும் கத்தவில்லை. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. அப்பாவின் அறை விளக்கு சாயங்காலம் எரிய ஆரம்பித்தால் அவர் படுக்கப் போகும்வரை ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் எரிந்தது.

மாசக் கடைசி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி முயற்சியாக, போனையே மைக் ஆக்கும் வசதியைச் சோதித்தேன். போனை ஓரிடத்தில் வைத்தால், அங்கே கேட்பதெல்லாம் அப்பாவின் காதுக்கு வரும். என் போனைச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குக்கர் விசில் வந்தா சொல்லுங்கப்பா."

கொஞ்ச நேரம் போனது. "விசில் வரல. உங்க சித்தி வந்திருக்கா," என்றார். சித்தி பின்பக்கப் படிக்கட்டு வழியாகச் சமையலறைக்குள் வருவது வழக்கம். மூடியிருந்த கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன பேசுறாங்க?"

"வாட்ச்சைத் திட்டுறா." அப்பாவின் முகம் விரிந்தது. "இப்ப என் துண்டைப் பத்திப் போகுது. ஈரத் துண்டை நாற்காலி மேல போடுறேனாம். அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் உக்காந்தா சேலை நனையுதாம்."

ஒட்டுக் கேட்பது தப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை எடுக்க எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். "இரு இரு, சுவாரசியமா போகுது." நாள்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு அது. பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது. என் கையை விடாமலே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் அம்மா என்ன சொன்னாள் என்று சித்தி பின்னால் எனக்குச் சொன்னாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாளாம்: "முன்னெல்லாம் அவரு முதுகைப் பாத்து எல்லாத்தையும் கொட்டிருவேன். கோவம், பயம், இந்தப் புள்ள ஊரை விட்டுப் போகுதேன்னு மனசு அடிச்சுக்கிறது, எல்லாத்தையும். அவருக்குக் கேக்காது. ஆனா ஆளு அங்கதான் இருப்பாரு. சொல்லி முடிச்சா பாரம் இறங்கிரும். இப்ப வாயைத் திறக்கவே யோசனையா இருக்கு. அவருக்குக் காது வந்துச்சு, எனக்கு வாய் போச்சு."

"என்கிட்ட சொல்லேன்க்கா."

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரியும்."

அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அவரைப் பார்த்ததும் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் புது விருந்தாளிக் குரலில், "டீ போடட்டுமாங்க?" என்றாள்.

அப்பா இரண்டு காதிலிருந்தும் கருவிகளைக் கழற்றினார். குளிர்சாதனப் பெட்டியின் மேல், என் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். ஸ்டூலை இழுத்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ம். சொல்லு," என்றார்.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் சிவந்தது. "அடி சர்வீஸ் சென்டர்! உன் வேலையா இது?" என்றாள். நான் போனை எடுத்து அணைத்தேன்.

அப்பா அசையவில்லை. அந்த அகல முதுகு, வியர்வை படிந்த பனியன், கழுத்தில் அந்த ஈரத் துண்டு. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தைச் சொல்ல," என்றாள் மெதுவாக. பிறகு, "முதல்ல அந்தத் துண்டை எடுத்துக் கொடியில போட்டா என்ன?" என்றாள். பிறகு குரல் ஏறியது. துண்டிலிருந்து அவர் கூடப்பிறந்த அத்தைக்குப் போனாள், அத்தையிலிருந்து அவர் மாத்திரை மறப்பதற்கு, அதிலிருந்து எனக்கு. "பொட்டப்புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புறோமே, ராத்திரி காய்ச்சல்னா யாரு இருக்கா அதுக்கு, சரின்னு தலையாட்டிட்டீங்களே," என்று கத்தினாள். கீழ்வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பல நாளைக்குப் பிறகு அவர்களுக்கும் செய்தி கிடைத்தது. நானும் சித்தியும் மெல்ல வெளியே வந்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் அப்பா கருவிகளை மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அறை விளக்கு சட்டென்று இரண்டு தரம் அணைந்து எரிந்தது. கதவோரத்தில் அம்மா சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டிருந்தாலே அவருக்குக் கேட்டிருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

"வீட்டைக் கொளுத்திராதே, வர்றேன்," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு தானாகவே அமைந்தது. சமையல் நேரத்தில் கருவிகள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும், அப்பாவின் முதுகு ஸ்டூலில் இருக்கும். மற்ற நேரத்தில் காதில். எந்தச் செயலியிலும் இப்படி ஓர் அமைப்பு கிடையாது.

ஆனாலும் திருப்பிக் கொடுப்பது பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கெடு முடிவதற்கு முந்தின நாள் நானே கேட்டேன். "நாளைக்குத்தான் கடைசி நாள். கடைக்குப் போகணுமாப்பா?"

"போக முடியாதே," என்று அலமாரியைக் காட்டினார்.

பெட்டி அங்கே பெட்டியாக இல்லை. ஒட்டிய இடமெல்லாம் பிரித்து, மடிப்புகளை நீவி, ஒரே தட்டையான அட்டையாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். "ஒரே வெட்டுல மூடியும் அடியும் எடுத்திருக்கான் பாரு. கூட வேலை செய்றவங்களுக்குக் காட்டணும்," என்றார். பெட்டி கசங்காமல் இருக்க வேண்டும் என்று கடைக்கார அக்கா சொன்னதை மறந்துவிட்டாரா என்று கேட்கத் திரும்பினேன். அவர் முகத்தில் இருந்த கள்ளச் சிரிப்பைப் பார்த்ததும் கேட்கவில்லை.

விடுதிக்கு வந்த முதல் சாயங்காலம், அறையில் கத்தினால் புதிதாக வந்த அறைத்தோழி பயந்துவிடுவாள் என்று மொட்டைமாடிக்கு ஏறி அப்பாவின் போனுக்கு அடித்தேன்.

"அப்பா! கேக்குதாப்பா?"

"கத்தாதே. காதுக்குள்ளயே இருக்கே."

போனில் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. "ரூம்ல விளக்கெல்லாம் ஒழுங்கா எரியுதா?" என்றார் கடைசியில். எரியுது என்றேன். சுவிட்ச் எங்கே இருக்கிறது, கட்டிலிலிருந்து எட்டுமா என்றும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

பின்னால் அம்மாவின் குரல், பழைய பெரிய குரல், "எம்புட்டு நேரம்? இப்படிக் குடுங்க!" என்றது.

"இரு," என்றார் அப்பா. "நான் பேசிட்டிருக்கேன்ல."