மச்சானுக்குப் போடாத ஊசி

அந்தப் படிவம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கொழும்பில் ஊசி போடும் இடத்தில் அதைத் தடித்த அட்டையில் கிளிப் போட்டுக் கையில் தந்திருந்தார்கள். மூன்று மொழியிலும் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். அதில் ஒரு கேள்வி முட்டையைப் பற்றியது. பக்கத்துக் கதிரையில் இருந்த என் மச்சான் கொஞ்சமும் தயங்காமல் ‘இல்லை’ என்ற பெட்டிக்குள் சரி போட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் என் தாய்மாமாவின் மகன். அவன் பிறந்து நாற்பது நாள் கழித்து நான் பிறந்தேன். கிண்ணியாவில் ஒரே வளவுக்குள் வளர்ந்து, ஒரே வகுப்பில் படித்து, திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரே கம்பனியில் கிரேன் மெக்கானிக்குகளாகச் சேர்ந்தோம். நானும் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்தே கோளாறு எங்கே என்று அவன் சொல்லிவிடுவான். நான் கழற்றிப் பூட்டி, கையெல்லாம் கிரீஸாகி அதே இடத்துக்கு வந்து சேரும்போது அவன் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பான். அதைப் பெருமையாகக்கூடச் சொல்லமாட்டான். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. பெருமை பேசுகிறவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆபிரிக்காவில் கானா நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு இரண்டு வருச வேலைக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள் என்று கதை வந்தபோதே யார் போவது என்று எல்லாருக்கும் தெரியும். ஓர்ஸ் ஹில்லில் இருந்த அலுவலகத்துக்கு மனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “முதல் ஆள் இவர்தான். இவருக்கு ஏதும் தடை வந்தால் நீங்கள்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்களாம். அந்த ஊசியையும் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்னாவது போட வேண்டுமாம். அதனால் இரண்டு பேரும் கொழும்புக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உடுப்பு எடுக்கும்போது தோழனுக்கும் ஒரு சட்டை எடுத்துக் கொடுப்பார்களே, அப்படித்தான் எனக்கு இருந்தது.

முட்டைக் கதையை இங்கே சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு பெருநாளில் மச்சான், முட்டை அடித்து ஊற்றி அவிக்கும் வட்டிலப்பத்தில் இரண்டு கோப்பை சாப்பிட்டான். சற்று நேரத்தில் உதடு தடித்து, கண் மூடி, மூச்சு விடும்போது விசில் அடிப்பதுபோல் சத்தம் வந்தது. அப்போது கிண்ணியாவில் பாலம் இல்லை. மாமா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, அக்கரைக்குப் போய், வாகனம் பிடித்துப் பெரியாசுபத்திரியில் சேர்த்தார். முட்டை அவனுக்கு ஆகாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். நாலாம் நாள் அவன் திரும்பி வந்தபோது வாசலில் அவனுக்கென்று ஒரு புதுச் சைக்கிள் நின்றது. அவன் செத்துப் பிழைத்து வந்திருக்கிறான் என்பது என் புத்தியில் ஏறவில்லை. எனக்கு ஏன் அப்படி வீங்கவில்லை என்று குசினி அடுப்படியில் இருந்து அழுதேன்.

வளர்ந்த பிறகு கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டாலும் அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. முட்டை ஆகாத வருத்தம் போய்விட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். ஆனால் கொழும்புக்குப் போவதற்கு நாலு மாதத்துக்கு முன், சோத்துப் பார்சலுக்குள் ஒளிந்திருந்த முட்டை அவனை மறுபடியும் ஆசுபத்திரிக்கு அனுப்பியது. கூட்டிப்போனவன் நான். “வீட்டில சொல்லிராத மச்சான், உம்மா பயந்திருவா” என்றான். நான் சொல்லவில்லை.

ஊசி போடும் அறையில் ஒரு நேர்ஸ் படிவத்தை வாங்கி ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டார். “முட்டை சாப்பிட்டால் ஏதும் வருமா?”

“இல்ல மிஸ்” என்றான் மச்சான். சொல்லிவிட்டு ஒரு தரம் என்னைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். முதலில் என் நினைவுக்கு வந்தது மனேஜரின் குரல்தான்: தடை வந்தால் நீங்கள். மாமாவின் தோளில் துவண்டு கிடந்த அவன் தலை அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருந்திருக்காது. ஆனால் வந்த வரிசை அதுதான்.

“மிஸ், இவருக்கு முட்டை ஆகாது. நாலு மாசத்துக்கு முன்னும் மூச்சு அடைச்சு ஆசுபத்திரியில வச்சவங்க” என்றேன்.

நேர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டொக்டரைக் கூப்பிட்டார். அந்த மருந்தை முட்டையில் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள் என்று டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். “மறைக்கிற விசயமா தம்பி இது? இந்தக் கதிரையிலேயே உயிர் போயிருக்கும்” என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஏன் ஊசி போட ஏலாது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு இடது கையில் ஊசியைப் போட்டு அட்டையும் தந்தார்கள். திரும்பி வரும்போது பஸ் ஹபரணையில் நின்றது. அங்கே இறங்கி அவன் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கி வந்தான். “கை நோகுதா?” என்று மட்டும் கேட்டான்.

கடிதத்தை நம்பி அவனை அனுப்பக் கம்பனி விரும்பவில்லை. நான்தான் போனேன். வாரம் தவறாமல் மலேரியாக் குளிசையை விழுங்கி, நுளம்பு வலைக்குள் படுத்து, அவன் செய்திருக்க வேண்டிய வேலையை இரண்டு வருசம் செய்தேன். ஒவ்வொரு எஞ்சின் முன்னாலும் அவன் என்றால் இந்நேரம் கண்டுபிடித்திருப்பான் என்ற நினைப்பு வரும். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்தும் நான் இரண்டாம் ஆள்தான்.

ஊருக்கு வந்தால் மச்சான் போகிற இடமெல்லாம் “என்ட உசிரைக் காப்பாத்தினவன் இவன்தான்” என்று என்னைக் காட்டிச் சொன்னான். பாராட்டுகிறவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. இப்படியே பல வருசம் போனது.

போன மாதம் ஒரு பின்னேரம், வேலை முடிந்து உள்துறைமுகத்துப் பக்கம் இரண்டு பேரும் நின்றபோது வாய் திறந்துவிட்டேன். “மச்சான், அண்டைக்கு நான் உனக்காக மட்டும் சொல்லல்ல. எனக்குப் போகணும் எண்டும்தான் சொன்னனான்.”

“தெரியும்” என்றான். “நீ சொல்லக்குள்ளயே உன்ட முகத்தில பாத்தனான்.”

“பிறகேன் ஊரெல்லாம் அப்படிச் சொல்லித் திரிஞ்சாய்?”

“உசிரைக் காப்பாத்தினது உண்மைதானே?” அவன் சிரித்தான். “நீ பிளேன் ஏறினப்ப எனக்கும் எரிஞ்சதுதான்டா. அந்தப் பிளேன் திரும்பி வரட்டும் எண்டுகூட நினைச்சன். ரெண்டு நாள். பிறகு ஒரு கிரேன் பழுதாப் போச்சு, அதோட மறந்துட்டன்.”

இரண்டு நாள். நான் ஒன்பது வயதிலிருந்து சுமந்து திரிவதை அவன் இரண்டு நாளில் இறக்கி வைத்திருக்கிறான். அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, “ஏறு, போவம்” என்றான். பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருசத்தில் அவன்மீது எனக்கு வந்த பொறாமைகளிலேயே பெரியது அப்போதுதான் வந்தது.