பொட்டுக்கு அடியில் இருந்த நம்பர்

வியாழக்கிழமை காலை அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை எனக்குப் போன் செய்தார். தோட்டத்து மேனேஜர். சிங்களவர்தான், ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார்.

"பாஸ், சனிக்கிழமை பழைய இரும்பு ஏத்த லொறி வருது. ஸ்டோர்ல ஒரு அமெரிக்கன் கார் கெடக்கு. அது என்ன கார்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் வேறொரு தோட்டத்து வேர்க்‌ஷொப்பில் முப்பது வருஷம் பிட்டராக இருந்தவன். இப்போது ரம்புக்கனையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். பழைய அமெரிக்கன் கார்களை அடையாளம் சொல்ல சபரகமுவையில் என்னை விட்டால் ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்து அமெரிக்காவில் மூலைக்கு மூலை கார் கம்பெனி இருந்தது. பாதிக்கு மேல் சில வருஷங்களில் மூடிவிட்டார்கள். அவர்கள் செய்த கார்களில் சில கப்பலேறி நம் தோட்டங்களுக்கு வந்தன. கலவானயில் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருந்த ஒரு பொனட்டின் காற்றுத் துளைகளை எண்ணியே அது எந்தக் கார் என்று சொல்லியிருக்கிறேன்.

அரை நிமிஷத் தீர்ப்பு

மறுநாள் ஸ்டோர் வாசலில் துரையோடு ஒரு அம்மா நின்றார். பெயர் பரமேஸ்வரி. அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய கடிதம்.

துரை விஷயத்தைச் சொன்னார். பரமேஸ்வரியின் அப்பா ஆறுமுகம் தோட்டத்து டிரைவர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது தன் காரை ஆறுமுகத்துக்கே கொடுத்து, கார்க் கம்பெனியின் பெயரும் கார் நம்பரும் போட்டுக் கடிதம் எழுதிவைத்தார்.

"ஆனா கடிதத்துல இருக்கிற பேரு வேற, காருல இருக்கிற பேட்ஜ் வேற. ரெண்டும் ஒரே கார்னா இந்த அம்மாவுக்கு. இல்லாட்டி தோட்டத்துச் சாமான், லொறில போகும்."

எஞ்சின் நம்பர் இருக்கும் இடம் துருப்பிடித்து, வாசிக்க முடியாமல் கிடந்தது. ரேடியேட்டரையும் பேட்ஜையும் பார்த்தேன். "சார், கடிதத்துல இருக்கிறது இது இல்ல. இது எல்லாருக்கும் தெரிஞ்ச சாதாரண கார்தான்" என்றேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே குனிந்து ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில் தலைக்கனம்.

துரை ஒபிஸுக்குப் போய்விட்டார். பரமேஸ்வரி என்னையே பார்த்தார்.

"குனிஞ்சுகூடப் பாக்காம சொல்லிட்டீங்களே அண்ணே. நாங்க குடியிருக்கிற லயம் கம்பெனியோடது, நாங்க வெட்டின மரம் கம்பெனியோடது. இது ஒனக்குச் சொந்தம்னு எங்கப்பா பேரு போட்டு எழுதினது இந்தக் கடுதாசி ஒண்ணுதான்."

எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தவனுக்கு வருகிற கோபம் என்று அப்போது தெரியவில்லை.

வேறு வண்டியின் மூஞ்சி

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பரமேஸ்வரி முந்தானையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். லொறி வருவதற்கு முன்னால் கடைசியாக ஒரு பொட்டு. ஆனால் காரின் முன்பக்கம் போகவில்லை. பொனட்டின் பக்கத் தகட்டைத் தூக்கி, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பிக் கெட்டியாக இருந்தது.

"என்னம்மா, ஆயுத பூசைக்கு எல்லாரும் வண்டி மூஞ்சியிலதானே வைப்பாங்க?"

"அப்பா இங்கதான் வைப்பாரு. முன்னாடி இருக்கிறது வேற வண்டி மூஞ்சி, அதுக்கு எதுக்குப் பொட்டும்பாரு. நானும் அப்படியே வச்சுக்கிட்டு வாறேன்."

எனக்குச் சுருக்கென்றது. லொறி ரேடியேட்டரை ட்ரெக்டருக்குப் போட்டவன் நான். ஒழுகினால் அளவு பார்த்து, கையில் கிடைத்ததை மாட்டுவதுதான் தோட்டத்து வேர்க்‌ஷொப் வழக்கம். கொழும்புக்காரன் பேட்ஜைப் பார்த்து ஏமாந்தால் மன்னிக்கலாம். நான் ஏமாறலாமா?

பையைக் கீழே வைத்தேன். சேஸிஸ் நட்டுகளில் அமெரிக்கன் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. அதே ஸ்பேனர் ரேடியேட்டர் நட்டுகளில் உட்காரவில்லை. இங்கிலீஷ் ஸ்பேனரைப் போட்டேன், பிடித்தது. தோட்டத்து வேர்க்‌ஷொப்பில் அந்த நாளில் இருந்தது இங்கிலீஷ் நட்டுதான். ஆக, ரேடியேட்டர் இங்கே மாட்டியது, பேட்ஜும் அதோடு வந்தது. மண்ணில் படுத்துப் பின்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்தேன். நான் சொன்ன காருக்குக் குறுக்கே ஒரே ஸ்பிரிங் இருக்க வேண்டும். இதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்தன.

"தங்கச்சி, அந்தப் பொட்டக் கழுவிப் பாக்கட்டுங்களா? கம்பெனித் தகடு அதுக்கு அடியில இருக்கலாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்பா வச்ச பொட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. பரவாயில்ல, கழுவுங்க."

தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்துத் துணியால் துடைத்தேன். அடியில் ஒரு பித்தளைத் தகடு. சந்தனம் மூடியிருந்ததால் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. கம்பெனிப் பெயர் கடிதத்தில் இருந்த அதே பெயர். நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். பரமேஸ்வரி கடிதத்தில் விரல் வைத்து "ஆமா... ஆமா..." என்றார். கடைசி எண்ணுக்குக் கடிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒபிஸுக்குப் போய், "சார், நான் சொன்னது தப்பு" என்றேன். "நீங்களா பாஸ் தப்பாச் சொன்னீங்க?" என்று துரை சிரித்தார். வந்து தகட்டையும் கடிதத்தையும் பார்த்தார். லொறிக்கான லிஸ்ட்டில் காரை வெட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"கார் உங்களோடதுதான்மா. ஆனா லயத்துல எங்க வைப்பீங்க?"

"இங்கயே நிக்கட்டும் தொரைங்களே. ஸ்டோர் கதவுல எங்கப்பா பேர எழுதிப் போடுங்க, அது போதும்."

அப்போதே ஒரு டின் பெயின்ட் கொண்டுவரச் சொன்னார் துரை. கதவில் ஆறுமுகத்தின் பெயரை எழுதியது நான்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குனிந்து பாருங்கள், ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால், அந்தக் காரைத் துடைத்து வைத்தவர்களிடம் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அதற்குப் பிறகு ஒரு காரும் என்னை ஏமாற்றவில்லை. இந்தக் காரின் பெயரைக் கடைசிவரை எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். எழுதினால் விலை பேச நாளைக்கே ஆள் வந்து நிற்கும், பரமேஸ்வரி வேண்டாம் என்றார்.

புறப்படும்போது, "அந்தப் பொய் பேட்ஜக் கழட்டிறட்டுங்களா தங்கச்சி?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ணே. அது இருந்தாத்தான் ஒங்கள மாதிரி கெட்டிக்காரங்க பாத்துட்டுச் சும்மா போவாங்க" என்றார்.

ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.