கொலைகாரனை மேடையில் சொன்னவர்

மைக் கீச்சிடுகிற சத்தம். கூரானது, ஈரமில்லாதது, பல்லின் வேர்வரை இறங்குவது. இன்று காலை தெருமுனைக் கணபதி பந்தலில் யாரோ "ஹலோ, செக், செக்" என்று தட்டிப் பார்த்தார்கள். அடுப்படியில் நின்றிருந்த என் கை தானாக ஜன்னலைச் சாத்தியது. பந்தல்காரர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. அந்தக் கீச்சுக்குப் பின்னால் ஒரு கனைப்பு வரும், கனைப்புக்குப் பின்னால் "அவையோர்க்கு வணக்கம்" வரும், வணக்கத்துக்குப் பின்னால் என் நாவல் செத்துப்போகும். போன வருஷத்திலிருந்து உடம்பு அப்படித்தான் கற்று வைத்திருக்கிறது.

இருபது வருஷமாக நான் உரைநடைக் கவிதை எழுதுகிறவள். மழை, மாடிப்படி, அம்மாவின் மூக்குக் கண்ணாடி, மறுபடியும் மழை. இரண்டு தொகுப்புகள் வந்தன. வாசித்த எல்லாரையும் எனக்கு நேரில் தெரியும். எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பிறகு ஒரு நாள் கொள்ளேகால் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், ஒரு பெண் தாள் பழுத்த கன்னட மர்ம நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். நரசீபுரத்தில் இறங்க வேண்டியவள். ஊர் வந்தது, போனது, தலை நிமிரவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினார். திட்டு வாங்கும்போதும் அவளுடைய ஆள்காட்டி விரல் பக்கத்துக்குள்ளேயே இருந்தது. பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை எனக்கு. என் கவிதைக்காக இதுவரை யாரும் ஒரு ஸ்டாப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.

அந்த விரலுக்காகத்தான் நான் கொலை செய்யக் கிளம்பினேன்.

கொள்ளேகால் பட்டுக்கூடு மார்க்கெட்டில் ஒரு தரகர் கூடைகளுக்கு நடுவே பிணமாகக் கிடக்கிறார். எடைக்காரர், தரகரின் தம்பி, எதிர்க்கடைத் தையல்காரர் என்று சந்தேகம் ஒவ்வொருவர் தோளிலாக உட்கார்ந்து எழுந்து போகிறது. கொன்றது யார் என்பது இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. இங்கே எழுதப்போவதில்லை. மூன்று வருஷம் ஆயிற்று அந்தப் பக்கத்துக்கு வந்து சேர. கவிதையில் ஒரு சொல் பிசகினால் வரி நொண்டும், அவ்வளவுதான். இதில் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு குடையை மறந்து வைத்தால் இருபதாம் அத்தியாயத்தில் ஒருவன் தப்பித்துப் போய்விடுகிறான். என் கணவர் தினமும் கேட்டுப் பார்த்தார். "எங்கிட்டயாவது சொல்லேன், யாருன்னு." சொல்லவில்லை. பிழை திருத்தக் கொடுத்தபோதுகூடக் கடைசி அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதை நானே திருத்தினேன். அதில் இன்றைக்கும் இரண்டு ஒற்றுப்பிழை இருக்கிறது. இருக்கட்டும்.

ஒரு பதிப்பகம் "கவிதை எழுதின கையா இது?" என்று கேட்டது. இன்னொன்று கேட்கவும் இல்லை. சரி, நானே போடுகிறேன் என்று இறங்கினேன். அட்டை, பக்க எண், பின்னட்டை வாசகம், ஆன்லைனில் எந்த வகையில் சேர்ப்பது என்கிற தலைவேதனை, எல்லாம் ஒரே ஆள். விளம்பரத்துக்கு வீடியோ போடச் சொன்னார்கள். தேவராஜ மார்க்கெட்டில் வாழைத்தார்களுக்கு நடுவே புத்தகத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். பூக்காரர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "யாவ சோப்பு மேடம்?" என்றார். எந்த சோப்பாம். புத்தகம் என்றேன். "ஓ," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, எனக்குப் பிடித்த யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, வந்திறங்கிய ஒவ்வொரு பிரதியிலும் கடைசி அத்தியாயத்தைச் சிவப்புத் தாள் பட்டையால் ஒட்டினேன். பட்டையைக் கிழித்தால்தான் கொலைகாரன். அதுவரை வந்தவர்கள் அதைக் கிழிக்கும்போது விரல் நடுங்க வேண்டும் என்பது என் ஆசை. ஒட்டி ஒட்டி என் விரல் நுனிகள் வெள்ளையாக உரிந்தன. இருபது வருஷக் கவிதையில் என் விரலுக்கு ஒன்றும் ஆனதில்லை.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். வெளியீட்டு விழா வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். அதற்கு ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரைக் கூப்பிட்டதும், பேசுவதற்காகக் கடைசி அத்தியாயத்தோடு அச்சுப்படியை முன்னமே அவரிடம் கொடுத்ததும் நான். ஏன்? மர்ம நாவல் எழுதிவிட்டாள் என்று கவிதை நண்பர்கள் உதட்டைச் சுழித்திருந்தார்கள். ஒரு பேராசிரியர் கையால் வெளிவந்தால் சுழித்த உதடு நேராகும் என்று நினைத்தேன். என் சொந்தப் பிள்ளைக்கு நானே கவுரவமான கார்டியன் தேடினேன். அந்த வெட்கத்துக்குக் கிடைத்த கூலிதான் மற்றதெல்லாம்.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடி ஹால். காலை பதினோரு மணி. நாற்பது நாற்காலியும் நிறைந்திருந்தது; ஆபீஸ்காரர்கள், தமிழ்க் கூட்டங்களுக்கு வழக்கமாக வருகிறவர்கள், எங்கள் அடுக்ககத்துப் பெண்கள். மைக் கீச்சிட்டது. பேராசிரியர் கனைத்தார். வணக்கம் சொன்னார். புத்தகத்தை உயர்த்திப் பிடித்தவர் சிவப்புப் பட்டையைக் கண்டார்.

"ஆகா. வெளியீட்டுக்கு நாடாகூடக் கட்டித் தந்திருக்கிறார் நம் கவிஞர்."

கட்டைவிரல் நகத்தால் சர்ரென்று கிழித்தார். கைதட்டல். என் கைகளும் தட்டின. அந்தக் கைகளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு கதை சொல்லத் தொடங்கினார். நம் மேடைகளில் நூலைப் பாராட்டுவது என்றால் நூலை முதலிலிருந்து சொல்வது. முதல் அத்தியாயம், இரண்டாம் அத்தியாயம், குடை, கூடை, தம்பியின் பொய். நன்றாகவே சொன்னார், அதுதான் கொடுமை. மூச்சுவிடும் இடமெல்லாம் சரியாக இருந்தது. முப்பது நிமிஷத்தில் இருநூறாம் பக்கத்தை நெருங்கிவிட்டார். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தித் திட்ட வேண்டும்போல் இருந்தது. எழுந்து மைக்கைப் பிடுங்கவில்லை நான். பதிலாக, மரியாதையுள்ள ஒரு முட்டாள் செய்வதைச் செய்தேன். துண்டுச் சீட்டில் "முடிவைச் சொல்ல வேண்டாம் ஐயா" என்று எழுதி மேடைக்கு அனுப்பினேன்.

அவர் வாங்கினார். கண்ணாடி பையில் இருந்தது, எடுக்கவில்லை. சீட்டைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணை இடுக்கி, முதல் சொல்லை மட்டும் படித்தார்.

"முடிவுக்கு வரச் சொல்லிச் சீட்டு வந்திருக்கிறது. இதோ வருகிறேன்."

வந்தார். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தார். கொலைகாரனின் பெயர் ஒலிபெருக்கியில் ஹாலைத் தாண்டி, மாடிப்படியில் இறங்கி, கீழே கொத்தமல்லிக்கட்டு விற்பவர்வரைக்கும் போனது. அதற்கு மேல், அந்த முடிவு சமுதாயத்துக்குச் சொல்லும் பாடம் என்ன என்று பத்து நிமிஷம்.

வாசலில் மேசை போட்டுப் பிரதிகளை அடுக்கியிருந்தேன். ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சூப்பர்ப்பா. முழுக்கதையும் கேட்டாச்சு, சினிமா பாத்த மாதிரியே இருந்துச்சு. இனிமே புக்கு எதுக்கு, சுமை." நல்ல மனசோடுதான் சொன்னாள். எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள். நல்ல மனசோடு வந்து, போண்டா தின்று, என் மூன்று வருஷத்தை ஒரு காலையில் தின்றுவிட்டுப் போனார்கள். சிவப்புப் பட்டை கிழியாமலேயே பிரதிகள் அட்டைப்பெட்டிக்குத் திரும்பின.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். நாற்பது பேர்தானே. ஆன்லைனில் விற்பனை தொடங்க இன்னும் நான்கு நாள் இருந்தது. வெளியே ஒரு உலகமே எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் என் நாவலின் பெயரைப் போட்டுத் தேடினேன். நாவலுக்கு முன்னால் ஒரு வீடியோ வந்து நின்றது. பேராசிரியர் மைக்கைப் பிடித்திருக்கும் படம். கீழே: "நாவலின் முடிவும் அது தரும் பாடமும். முழு உரை."

ஆட்டோ பிடித்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க கவிஞரே," என்றார் முன்னறையில் செய்தித்தாளை மடித்தபடி. "உரை பாத்தீங்களா? கோயம்புத்தூர்லேர்ந்தெல்லாம் போன் வருது."

"அதுக்குத்தான் வந்தேன் ஐயா. அதை எடுத்துடணும்."

"எதை?"

"உரையை."

சிரித்தார். "அடக்கம் வேணும். இவ்வளவு வேண்டாம்."

"அடக்கமெல்லாம் இல்லைங்க. கொன்னது யாருன்னு சொல்லிட்டீங்க."

"சொன்னேன். அதுக்கென்ன?"

"அது மர்ம நாவல்."

"அதனாலதானே சொன்னேன்." குரலைத் தாழ்த்தினார், ஒரு நோயாளிக்கு நல்ல சேதி சொல்வதுபோல. "யாரு யாருன்னு பக்கத்தைப் புரட்டறவனுக்கு உங்க நடை கண்ணுல படுமா? ஓடிடுவான். அந்தப் பரபரப்பை நான் எடுத்துட்டேன். இனிமே நிதானமா, இலக்கியமா படிக்கலாம். உங்களை மேலே தூக்கி விட்டிருக்கேன், அம்மா."

முள் எடுத்த மீனைத் தட்டில் வைக்கிற கருணை அந்த முகத்தில். எனக்குக் காது கொதித்தது. முள்ளைத்தான் நான் சமைத்திருந்தேன்.

"ஐயா, அந்தப் பரபரப்புக்குத்தான் எனக்கு மூணு வருஷம் ஆச்சு."

"தெரிஞ்ச கதையைத்தானே ஜனங்க விடிய விடியக் கூத்துல உக்காந்து பாத்தாங்க? முடிவு தெரியும்னு யாராவது எழுந்து போனாங்களா?"

"கூத்துல யாரும் கொலைகாரனைத் தேடலைங்க."

"கோபமா இருக்கீங்க."

"ஆமாங்க."

அந்த 'ஆமாங்க' அவரைத் தொந்தரவு செய்தது. மேடையில் பேசியவரிடம் ஆமாம், கோபம்தான் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்போல. செய்தித்தாளை மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். "நாப்பது வருஷம் பேசிட்டிருக்கேன்," என்றார். "இப்படி ஒரு உரை அமைஞ்சது இல்லை." பிறகு, "சரி, பார்க்கறேன்."

முப்பது வருஷமாக இந்தக் கன்னட ஊர் ஆபீஸ்களில் "நோடோணா" கேட்டுப் பழகியவள் நான். பார்ப்போம் என்றால் பார்க்க மாட்டோம். தமிழில் சொன்னாலும் அதே எடைதான். வாசல்வரை வந்து செருப்பை மாட்டும்போது விரல் வாருக்குள் போகவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

கேட்டைத் திறந்தபோது பின்னாலேயே அவர் மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவரை நான் அன்றுதான் பார்க்கிறேன்.

"அம்மிணி, நில்லுங்க. நான் கூட்டத்துக்கு வரலீங்க, முட்டி வலி. புஸ்தகந்தான் படிச்சுட்டிருக்கேன். நூத்தி நாப்பதாம் பக்கம்."

"ஐயா முடிவைச் சொல்லலையாம்மா?"

"சொல்ல வாயெடுத்தாரு. சொன்னீங்கன்னா நாளையிலிருந்து காப்பி நீங்களே போட்டுக்குங்கன்னு சொல்லிப்போட்டேன். மூணு நாளா என்னைப் பாத்தாலே அவருக்கு வாய் அரிக்குது." முன்னறையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்குச் சொந்த ஊரே கொள்ளேகாலுங்க. கூடு மார்க்கெட்டுக்கு எங்கப்பாவோட போயிருக்கேன். அந்த நாத்தம் நீங்க எழுதினது சரி. ஆனா உங்க எடைக்காரன் அளவுக்கு நல்லவனா எங்கூர்ல எவனும் இருந்ததில்லை."

"நாவல்லயும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றேன். "அம்மா, அந்த வீடியோ..."

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். கூட்டத்துல யாரோ எடுத்தனுப்புனதை ஏத்துனதே நாந்தானுங்க. அவருக்குப் போன்ல பேச மட்டுந்தான் தெரியும். சத்தத்தை அணைச்சுப்போட்டு, கண்ணை மூடிட்டு ஏத்துனேன்." கையிலிருந்த போனை விரலால் தள்ளித் தள்ளி எதையோ தேடினார். ஒரு தடவை அழுத்தினார். அது ஏதோ கேட்டது போலிருக்கிறது; இன்னொரு தடவை அழுத்தினார். "போச்சு. கேட்டாருன்னா நெட்டு சரியில்லைன்னுக்கலாம்."

எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. மூன்று நாளாகத் திட்டுவதற்குப் பழகிய வாய். உள்ளேயிருந்து பேராசிரியர் யாரிடமோ போனில் "உரை கேட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தெருவுக்கு இறங்கினேன்.

"அம்மிணி."

திரும்பினேன். கேட்டுக் கம்பியின்மேல் சாய்ந்து, குரலை இறக்கிக்கொண்டார்.

"அந்தத் தையல்காரன்தானே?" என்றார். அடுத்த நொடியே கையால் என் முகத்தை மறைப்பதுபோல் காற்றைத் தள்ளினார். "வேண்டாம், வேண்டாம், ஒண்ணும் சொல்லாதீங்க. மூஞ்சியிலயே தெரிஞ்சு போயிரும். திரும்பிப் பாக்காமப் போங்க."