ஜூரிக்குத் திருநீறு பூசிப் போனது

ஜூரியில் இருக்கச் சொல்லிக் கடிதம் வந்த நாளிலிருந்து அதை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மவுண்ட் ரோஸ்கில் பக்கம் பஸ் ஓட்டுகிறேன். ஒருவனைச் சிறைக்கு அனுப்புவதா இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டால் என்ன சொல்வேன்? பிழையாகச் சொல்லிவிட்டால்? அவனுடைய ஆட்கள் என் பஸ்ஸிலேயே ஏறினால்?

மனைவியின் அண்ணன் சிரித்தார். "மச்சான், இதுக்கே பயப்பிடுறாய்? திருநீறைப் பட்டையாப் பூசிக்கொண்டு போ. கதிரையிலை இருக்க முதலே திருப்பி அனுப்புவாங்கள். எனக்கு அப்பிடித்தான் நடந்தது."

எங்கள் ஆட்களின் கெட்டித்தனம் அவ்வளவுதான். அவமானத்தையும் லீவுக் கடிதமாக்கிவிடுவோம். நானும் பூசிக்கொண்டு போனேன்.

நீதிமன்றத்தில் குலுக்கிப் பெயர் எடுத்தார்கள். பெயர் வந்தவர் பன்னிரண்டு கதிரைகளை நோக்கி நடக்க வேண்டும். உட்காருமுன் இரு பக்க வக்கீல்களில் ஒருவர் "சேலஞ்ச்" என்றால் திரும்ப வேண்டியதுதான். காரணம் சொல்லத் தேவையில்லையாம். எவ்வளவு வசதி! குற்றம் சாட்டப்பட்டவன் ஒரு மாவோரிக்காரன், இந்த நாட்டின் பூர்வகுடி, நாற்பது வயதிருக்கும். இரவல் சட்டையின் கொலரை இழுத்து இழுத்து விட்டபடி, நடந்து வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் நடந்தார், உட்கார்ந்தார். அடுத்து என் பக்கத்திலிருந்த மாவோரிப் பெண். வேலையில் ஷிப்ட் மாற்றி, சப்பாத்தைப் பளபளப்பாக்கி, ஆசையோடு வந்திருந்தாள். அரச தரப்பு வக்கீல் கையிலிருந்த பட்டியலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"சேலஞ்ச்."

பிறகு நான். "சேலஞ்ச்."

தினமும் ஐம்பது உயிரை என் கையில் விடுகிறார்கள்; ஒரு கதிரையை என்னிடம் விட மனம் வரவில்லை. நான் வேண்டி வந்தது கிடைத்துவிட்டது. ஆனாலும் காது சுட்டது. கூண்டில் நின்றவன் எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தான். கொலரை இழுப்பதை விட்டுவிட்டான்.

"உன்னையுமா?" என்று அவள் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். என் நெற்றியைக் காட்டி, "அது என்ன?" என்றாள்.

"சாமி கும்பிட்டனான்" என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானின் போன்.

"எப்பிடி, வேலை செய்ததோ?"

"ஓம். எனக்கு முன்னாலை ஒரு மாவோரிப் பிள்ளையையும் அனுப்பிப்போட்டாங்கள்."

"ஏன், அவளும் திருநீறு பூசினவளோ?" விழுந்து விழுந்து சிரித்தார்.

"இல்லை" என்றேன். "அவளுக்குத் தேவைப்படேல்லை."