நிர்மலாவின் மாட்டில் உண்ணி இல்லை

மொரப்பூர் பக்கம் நிர்மலாவைப் பற்றிக் கேட்டால், "அந்தச் சுத்தக்காரியா?" என்பார்கள். புகழ்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். தன் வாசலைக் கூட்டிய கையோடு எதிர்வீட்டு வாசலையும் ஒரு பார்வை பார்ப்பவள் அவள்.

மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய ஜெர்சிப் பசு உண்ணிக் காய்ச்சலில் செத்தது. காப்பி நிறத்தில் மூத்திரம் பெய்தது, நாலாம் நாள் படுத்தது, எழவில்லை. நிர்மலா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அப்புறம் வாங்கிய செவலைக்குத் தினமும் சாயங்காலம் பால் கறந்ததும் காது, மடி, வாலடி என்று தடவி, உண்ணியைப் பொறுக்கி மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் போடுவாள்.

போன வருடம் கால்நடை டாக்டர் மாதவராஜ் ஒரு புது ஊசியோடு வந்தார். அதைப் போட்ட மாட்டின் ரத்தத்தைக் குடித்தால் உண்ணி செத்துவிடுமாம். ஊரில் பத்து மாட்டுக்குக் காதில் நம்பர் மாட்டினார். ஐந்துக்கு மருந்து, ஐந்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது, அவருக்கே தெரியாது. படித்தவர்களால்தான் இப்படியெல்லாம் செய்ய முடியும். ஆறு மாதத்துக்கு யாரும் உண்ணியைப் பிடுங்கக் கூடாது, எண்ணெய் பூசக் கூடாது. முடிந்ததும் தண்ணீர் போட்ட மாடுகளுக்கும் மருந்து உண்டு. சொன்னபடி கேட்காதவர்கள் மாட்டுக்குக் கிடையாது. நிர்மலா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

தலைதான் ஆடியது, கை கேட்கவில்லை. அதுவும் வியாழக்கிழமைதோறும் உண்ணி எண்ண ஆள் வருகிறார்கள் என்றால் சும்மா இருக்க முடியுமா? பெண் பார்க்க வருகிற அன்று வீட்டை ஒட்டடையோடு யாராவது வைத்திருப்பார்களா? புதன்கிழமையே செவலையைக் குளிப்பாட்டி ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுவாள். மற்ற மாடுகளில் சிலதில் பத்து, சிலதில் நாற்பது, ஐம்பது என்று எண்ணுவார்கள். செவலையில் பூஜ்யம். டாக்டர் செவலையைப் போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து உறையைப் பிரித்தார்கள். செவலைக்குப் போட்டது உப்புத் தண்ணீர்.

டாக்டரின் முகம் செத்துவிட்டது. "தண்ணி போட்ட மாட்டுலயே உண்ணி இல்லன்னா, இந்த ஊசி எதுக்குன்னு மேல கேப்பாங்கம்மா" என்றார். அப்படியானால் ஊசியைக் கைவிட்டுவிடுவார்களா என்று நிர்மலா கேட்டாள். விட்டாலும் விடுவார்கள் என்றார்.

 நிர்மலா வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வாரம் செவலைக்கு மருந்து வந்துவிடும். ஆனால் செத்த மாட்டின் கண் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. உள்ளே போய்க் கொட்டாங்குச்சியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நாந்தானுங்க பொறுக்குனேன். உண்ணியோட மாட்ட எப்படிங்க வெளியாளுங்க முன்னால நிறுத்தறது?"

 டாக்டருக்குக் கோபம் வந்தது, ஆனால் திட்டவில்லை. நோட்டில் செவலையின் நம்பரை அடித்துவிட்டு, "இனி உங்க மாட்டுக்கு மருந்து வராது, தெரியுமில்ல?" என்றார்.

"தெரியுங்க."

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மாயவனின் மாட்டுக்கு மருந்து போட்டார்கள். அது மிரளுகிற மாடு. நிர்மலாதான் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பால் கறந்து, செவலைக்கு உண்ணி பொறுக்கினாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக எண்ணினாள். பதினேழு.